மேஸ்திரியோடு ஒன்பதாவது தங்குமிடம் வரை

முதல் தங்குமிடம்
ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதிக்கொள்வது,

நானும் மேஸ்திரியும் பத்திரமாக இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் நீ எழுந்து பார்க்கும்போது நாயும் இல்லை, நானும் இல்லை, ஆணியில் என் பிள்ளையின் பையும் இல்லை என்றால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது. அடுப்பு மேடையில் ஒரு சீட்டு வைத்தேன். "மலைக்குப் போகிறேன், நாயும் வருகிறது" என்று எழுதியிருந்தேன். பார்த்திருப்பாய். அதற்கு மேல் எழுத வரவில்லை. நான் படித்தது நாலாவது வரைக்கும்தான், அதுவும் உனக்குத் தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இங்கே போனுக்கு டவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் நீ கத்துவாய், நான் அழுவேன். காகிதத்தில் அந்த இரண்டும் இல்லை. சாமான் கொண்டுவரும் வண்டிக்காரர் வாரம் ஒரு நாள் கடிதம் எடுத்துப்போகிறார். பாதையில் இருக்கிற ஒன்பதில் எந்தத் தங்குமிடத்துக்கு எழுதினாலும் பெட்டியில் போட்டு வைப்பார்களாம்.

சலவைக் கூடத்தில் ஒன்றரை மாதம் லீவு சொன்னேன். மேற்பார்வை அம்மா, "இந்த வயசுல மலையா? முட்டி தாங்குமா?" என்றாள். "இருபத்தாறு வருஷமா ஆஸ்பத்திரிப் போர்வை தூக்கின முட்டிம்மா இது. மலையெல்லாம் இதுக்கு ஜுஜுபி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏன் போனேன் என்று கேட்பாய். அவன் இந்தப் பாதை முழுக்க வழி காட்டப் பாறையில் போட்ட மஞ்சள் அடையாளத்தை நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பதினான்கு வருடம் வேலை செய்தான். "வாம்மா ஒரு தடவை" என்பான். "போடா, எனக்குத் துவைக்கிற வேலை இருக்கு" என்பேன். அவன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். அடுத்த வருடம் யாராவது வந்து மேலே பூசிவிடுவார்கள். அதற்குள் அவன் கை பட்டதைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

ஒரு தொல்லை. இந்த மேஸ்திரி ஒவ்வொரு மஞ்சள் அடையாளத்திலும் உட்கார்ந்துகொள்கிறான். கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் வருவதில்லை. அரை மணி, முக்கால் மணி. அப்புறம் அவனாகச் சலித்துப்போய் எழுந்திருக்கிறான். உனக்கு ஏதாவது தெரிந்தால் மூன்றாவது தங்குமிடத்துக்கு எழுது.

கேஸை மூடிவிட்டு வேலைக்குப் போ.

அத்தை


ஜூன் 8

உங்கள் கடிதம் வந்தது.

அன்று காலை நான் சீட்டைப் பார்க்கவில்லை. அது மேடைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. நாலு தெரு சுற்றினேன். காலில் செருப்பு இல்லை. பேக்கரிக்காரர், "நாயைக் காணோமா, மாமியாரைக் காணோமா?" என்று கேட்டார். இரண்டு பேரையும் என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக் கடைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் செத்தவளிடம் ஒரு வருடத்துக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நீங்கள் கேட்டிருக்கலாம். "கூட்டிப்போகட்டுமா" என்று ஒரு வார்த்தை. பதினோரு மாதமாக நீங்களும் நானும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். அந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்தது மேஸ்திரி ஒருவன்தான். அவர் மலையில் விழுந்து கிடந்தபோது ஆள் வரும் வரை ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்தவனும் அவன்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவன். அவனையும் எடுத்துக்கொண்டீர்கள்.

அவன் உட்கார்ந்தால் உட்காரட்டும். நீங்கள்தானே கூட்டிப்போனீர்கள்.

அவன் எனக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் எழுத இருக்கிறது.


மூன்றாவது தங்குமிடம்
ஜூன் 14

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. சீட்டை டம்ளருக்கு அடியில் வைத்திருக்க வேண்டும். மேஸ்திரி உனக்குத் திரும்பி வருவான். அது என் பொறுப்பு.

இப்போது மற்றதைச் சொல்கிறேன். கோபமாக இருந்தாலும் படி.

மற்றவர்கள் மூன்று மணி நேரத்தில் நடக்கிற தூரத்துக்கு எனக்கு ஒரு பகல் ஆகிறது. அடையாளத்துக்கு அடையாளம் உட்கார்ந்தால் எப்படிப் போய்ச் சேர்வது? முதலில் திட்டினேன். அப்புறம் கெஞ்சினேன். அப்புறம் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையிலும் தடி வைத்துக்கொண்டு வயதான ஒரு ஜோடி வந்தது. அந்த அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, நாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"உடம்பெல்லாம் ஜம்முன்னு இருக்கு. பிடிவாதம்தான்."

"பிஸ்கட்டைக் காட்டிப் பாருங்களேன்" என்றார் அவர்.

"காட்டினேங்க. தின்னுட்டு மறுபடி உக்காந்துடுச்சு."

"எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு" என்று அந்த அம்மா புருஷனைத் தடியால் சுட்டிக் காட்டினாள். அவர், "நான் பிஸ்கட் தின்னா எழுந்திருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். வளைவு திரும்பும் வரை அவர்கள் பேச்சுக் கேட்டது. அப்புறம் காற்று மட்டும்தான்.

உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று பார்த்தேன். அவன் பூசின ஒவ்வொரு பட்டையும் இடது பக்கம் தடியாக ஆரம்பித்து, முடியும்போது சின்னதாக மேலே தூக்கியிருக்கிறது. சின்ன வயதில் சிலேட்டில் எழுதும்போதும் அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. இதுவரை நூற்றுப் பத்து பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அப்படியே.

முந்தாநாள் கணவாயில்தான் கஷ்டமாகிவிட்டது. உச்சியில் ஒரு அடையாளம். இவன் உட்கார்ந்தான். வானம் கறுத்து ஆலங்கட்டி மழை பிடித்தது. "எழுந்திருடா, ரெண்டு பேரும் சாகப்போறோம்டா" என்று கத்தினேன். அசையவில்லை. பையிலிருந்த என் பிள்ளையின் மழைச்சட்டையைப் பிரித்து எங்கள் இரண்டு பேர் மேலும் போட்டுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம். நாய் வயிறு சூடாக இருந்ததால் பிழைத்தேன். விரல் வீங்கி இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. இங்கே தங்குமிடத்துத் தாடிக்காரர், "நாயை விட்டுட்டு எறங்கி வரவேண்டியதுதானேம்மா? அது தானா வந்து சேரும்" என்றார். அவன் விழுந்தபோது இந்த நாய் விட்டுவிட்டு இறங்கவில்லையே என்று நினைத்தேன்.

நீ செய்து கொடுத்த மூக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது. ஆனாலும் தெரிகிறது.

அடுத்து ஐந்தாவது தங்குமிடத்தில் நாலைந்து நாள் இருப்பேன். உனக்குத் தெரியும் ஏன் என்று.

அத்தை


ஜூன் 20

அத்தை,

கணவாய் பற்றி நீங்கள் எழுதியதைக் கடையில் வைத்துப் படித்தேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். அவன் ஏன் உட்கார்கிறான் என்று எனக்குத் தெரியும். போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். வேண்டுமென்றுதான் எழுதவில்லை. மழையில் உட்காரட்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் உட்காரட்டும் என்று நினைத்தேன்.

கல்யாணமான வருடம் அவரோடு நான் நாலாவது தங்குமிடம் வரை போனேன். அவர் பாசியைச் சுரண்டுவார், பூசுவார், காயும் வரை பீடி பிடிப்பார். அதுவரை இவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அப்படித்தான் மேஸ்திரி என்று பேர் வந்தது. காய்ந்ததும் அவர் பாறையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "பாத்தாச்சா மேஸ்திரி? பாஸா?" என்று கேட்பார். இவன் போய் மோந்து பார்ப்பான். அப்புறம்தான் அடுத்ததுக்கு. கேட்காவிட்டால் எழுந்திருக்க மாட்டான். தட்டிக் கேளுங்கள். வருவான்.

விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

எழுத ஆரம்பித்துவிட்டதால் இன்னொன்றும் எழுதுகிறேன். போன வருடம் அவர் கிளம்பின காலையில் நாங்கள் சண்டை போட்டது உங்களுக்குக் கேட்டிருக்கும். என் அக்கா வீட்டு விசேஷத்துக்கு இருந்துவிட்டுப் போங்கள் என்றேன். மாட்டேன் என்றார். "போங்க, அந்த மலையையே கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன். அவர் பை வாரை இறுக்கிக்கொண்டே இருந்தார். அதுதான் கடைசி.

அப்புறம் எடுக்கிற அன்று எல்லோரும் இருக்கும்போது நீங்கள் சொன்னீர்கள். "நெஞ்சு வலின்னா திடீர்னா வரும்? கட்டினவளுக்குத் தெரியாம இருக்குமா?" என்று. என் அக்காகூட என்னைப் பார்த்தாள்.

நான் உங்கள் மேல் கோபப்பட்டது கொஞ்ச நாள்தான். அப்புறம் அந்தக் கேள்வி எனக்குள்ளேயே போய்விட்டது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? முகம் வெளுத்திருந்ததா? மாடி ஏறும்போது நின்றாரா? நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பார்க்கிறேன். பக்கத்தில் படுத்திருந்த மனிதரை நான் பார்க்கவே இல்லை. பதினோரு மாதமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது தங்குமிடத்தில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மருமகள்


ஐந்தாவது தங்குமிடம்
ஜூன் 28

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் எனக்கு முன்னாடியே வந்து காத்திருந்தது. கதவுப் பக்கத்தில் ஒரு அடையாளம் இருக்கிறது, அதில் தட்டிக் கேட்டுப் பார்த்தேன். மேஸ்திரி காதைத் தூக்கினான். என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் போய் மோந்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். "அடப்பாவி, இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்தினே?" என்றேன். சிரிப்பு வந்து நிற்கவில்லை. நீ எழுதாமல் இருந்தது பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ சொல்லியிருந்தால் நான் ஓடி ஓடி வந்திருப்பேன். என் பிள்ளையின் தூரிகைத் தடத்தை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டேன்.

அந்த இடம் தங்குமிடத்திலிருந்து ஒரு மணி நடை. அவனைத் தூக்கி வந்த அண்ணன்தான் என்னைக் கூட்டிப்போனார். சுற்றிலும் புல், ஒரு பக்கம் சரிவு. பயங்கரமாக ஒன்றும் இல்லை. ஒரு அடையாளம் பாதியில் நிற்கிறது. இடது பக்கம் தடியாக ஆரம்பித்து, நடுவில் நின்றுவிட்டது. மேலே தூக்கவில்லை. மிச்ச வண்ணம் டப்பாவில் இருக்கிறது, பூசிவிடட்டுமா என்று அந்த அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். நான் தட்டிக் கேட்கவும் இல்லை. மேஸ்திரி படுத்தான். நானும் உட்கார்ந்தேன். குளிர் ஏறினதும் அவனே எழுந்து வந்தான்.

இனி எழுதப்போவதை வீட்டில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பலமுறை வாய் திறந்திருக்கிறேன். நீ துணி மடித்துக்கொண்டிருப்பாய். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

அவன் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், நீ கடையில் இருந்தபோது, மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டான். முகம் சாம்பலாக இருந்தது. சட்டை நனைந்திருந்தது. இடது கை மரத்துப்போச்சு என்றான். நான் தைலம் தேய்த்தேன். வெந்நீர் கொடுத்தேன். சரியானதும், "அம்மா, அவகிட்ட சொல்லிடாதே. சொன்னா விடமாட்டா. திரும்பி வந்ததும் டாக்டரைப் பாக்குறேன்" என்றான்.

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரியில். மாடி ஏறினால் நர்ஸ் இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார். ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றும் எழுதிவிடுகிறேன், பாதி எழுதினால் அது இன்னொரு மறைப்பு. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் உன்னிடம்தான் சொல்லுவான். எனக்குக் கடைசியில்தான் தெரியும். இது ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லி, உன்னிடம் சொல்லாதே என்றான். அதை நான் நகை மாதிரி முடிந்து வைத்துக்கொண்டேன்.

எடுக்கிற அன்று யாராவது என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் நான் முந்திக்கொண்டு உன்னைக் கேட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதத் தெரியும். எழுதினால் நீ பதில் சொல்லியாக வேண்டும். அதனால் எழுதவில்லை.

அத்தை


ஏழாவது தங்குமிடம்
ஜூலை 7

அன்புள்ள மருமகளுக்கு,

ஆறாவதில் பெட்டியைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். இங்கேயும் கேட்டேன். இந்தத் தங்குமிடத்து அம்மா பெட்டியைக் கவிழ்த்தே காட்டினாள். "யார்கிட்டருந்து எதிர்பாக்குறீங்க?" என்றாள். மருமகள் என்றேன். "மருமககிட்டருந்தா? நீங்க வேற! எம் மருமக மெசேஜுக்கே கட்டைவிரல்தான் போடுவா" என்றாள்.

மேஸ்திரி முன்னங்காலில் கல் குத்திவிட்டது. ஆழம் இல்லை. கழுவி, மருந்து போட்டு, என் காலுறையை வெட்டிக் கட்டியிருக்கிறேன். மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். இரண்டு நாள் இங்கேயே ஓய்வு.

ஐந்தாவதுக்கு அப்புறம் அடையாளம் எல்லாம் அதற்கு முந்தின வருடம் போட்டது. மழையில் கரைந்து பாறையோடு பாறையாகிவிட்டது. கீறல் கண்ணாடியில் எனக்குத் தெரிவதில்லை. மேஸ்திரி நின்றால்தான் இங்கே ஒன்று இருக்கிறது என்று கிட்டே போய்த் தடவிப் பார்க்கிறேன். ஆளே வருவதில்லை இந்தப் பக்கம். நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசின ஒரே பேச்சு "பாஸா மேஸ்திரி" மட்டும்தான். ஒரு தடவை என் குரல் எனக்கே யாரோ மாதிரிக் கேட்டது.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் பதினாறாம் தேதி வாக்கில் ஒன்பதாவதில் இருப்பேன். அங்கே ரோடு வந்துவிடுகிறது. பஸ்ஸில் நாயை ஏற்றுவார்களாம்.

அத்தை


ஜூலை 11

ஒன்பதாவது தங்குமிடத்துக்கு.

பதினாறாம் தேதி மதியப் பஸ்ஸில் வருகிறேன். அதே பஸ் முக்கால் மணி நின்று திரும்புகிறது. மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு அதிலேயே போய்விடுவேன்.

கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. நாய் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். என் சாமான்களை எடுத்துவிட்டேன். வீட்டில் நீங்கள் இருங்கள். சாவி பேக்கரியில் இருக்கிறது.

உங்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். நான் அழுதது தினமும் உங்களுக்குக் கேட்டிருக்கும். எனக்கு உங்கள் இருமல் கேட்கும். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அங்கே அதைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். பேசினால் நான் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன்.

காலில் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஒன்பதாவது தங்குமிடம்
ஜூலை 23

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வந்த அன்று, சொன்னபடியே நான் எதுவும் பேசவில்லை. இதிலும் அதைப் பேசப்போவதில்லை.

நீ இளைத்துவிட்டாய். மேஸ்திரி பஸ் சத்தத்துக்கே எழுந்துவிட்டான். உன் வாசனை அதற்குள் எப்படித் தெரிந்ததோ. நீ தரையில் உட்கார்ந்து அவன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்த நேரம் முழுக்க நான் கயிற்றை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் பஸ்ஸில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான். பார்த்திருந்தால் நானும் ஏறியிருப்பேன், உனக்குச் சங்கடமாகியிருக்கும்.

சொல்ல விட்டுப்போனவை: அவன் கால் கட்டைப் பிரித்துவிடலாம், ஆறிவிட்டது. ராத்திரி இருமினால் பயப்படாதே, புல்லைத் தின்னும் பழக்கம் வந்திருக்கிறது. உன் அறைக் கதவில் ஏதாவது மஞ்சளாக இருந்தால் உட்காருவான், தட்டிக் கேள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. இங்கே படுக்கை விரிப்பு துவைக்க ஆள் இல்லை என்றார்கள், சீசன் முடியும் வரை இருக்கிறேன். கொடியில் நாற்பது விரிப்பு ஒரே நேரத்தில் காய்கிறது. எதிரே மலை. சாயங்காலம் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், இரண்டு முனையைப் பிடிக்க. ஒரு முனையை வேலிக் கம்பத்தில் கட்டிக்கொண்டு மடிக்கப் பழகிவிட்டேன். பேக்கரியில் இருக்கிற சாவியை நீயே வாங்கி வைத்துக்கொள். அந்த அறையில் ஜன்னல் சிறியதாகத்தான் இருக்கும். உனக்கு மூச்சு முட்டினால் வீடு இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன். அன்று பஸ் படியில் கால் வைத்துவிட்டு, திரும்பி, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாய். "ஆச்சு, ஆச்சு" என்றேன். நீ தலையாட்டிவிட்டு ஏறிப்போனாய்.

அன்று நான் சாப்பிடவில்லை. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அத்தை